மகனை ஜெர்மன் கோடை முகாமுக்கு அனுப்பலாமா?

களியக்காவிளை அம்மா:
கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன், நாஜிகளின் குற்றங்களுக்குப் பரிகாரமாகத் தொண்டு செய்யும் ஜெர்மனியின் ‘ஆக்ட்சியோன் சூனெட்சைகன்’ அமைப்பு நடத்தும் கோடை முகாமுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறான். பல நாட்டு இளைஞர்கள் இரண்டு மூன்று வாரம் ஒன்றாகத் தங்கி, பழைய யூதக் கல்லறைத் தோட்டங்களைச் சீர்செய்வார்களாம். “யாரோ செய்த பாவத்துக்கு நம் பிள்ளை ஏன் களை பறிக்க வேண்டும்?” என்கிறார் அவன் அப்பா. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாறசாலை ஆசிரியர்:
அந்தக் கேள்வியை ஜெர்மானியர்களே முதலில் எதிர்கொண்டார்கள், சகோதரி. மனநலம் குன்றியவர்களை நாஜிகள் கொன்றதை எதிர்த்த நீதிபதி லோதர் கிரைசிக், 1958-இல் இந்த அமைப்பைத் தொடங்கியபோது, தங்களால் துன்பப்பட்ட நாட்டினரிடம், அவர்கள் மண்ணில் தங்கள் கையால் நல்லதொரு வேலை செய்ய அனுமதிக்குமாறுதான் கேட்டார். போரில் ஜெர்மனி குண்டு வீசி அழித்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி பேராலயத்தில், இடிபாட்டின் ஒரு பகுதியைச் சீரமைத்தவர்கள் ஜெர்மன் இளைஞர்கள். நாஜிகளின் அவுஷ்விட்ஸ் கொலை முகாம் இருந்த போலந்து நகரில் 1986-இல் திறக்கப்பட்ட இளையோர் சந்திப்பு மையமும் இந்த அமைப்பின் முயற்சியில் உருவானதே.

பாலக்காட்டுத் தமிழன்:
எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. பிரான்ஸும் ஜெர்மனியும் 1963-இல் செய்த எலிசே நட்புறவு ஒப்பந்தத்துக்குப் பின் கூட்டு இளையோர் அலுவலகம் அமைத்து, இன்றுவரை செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. 1991-இல் ஜெர்மனி போலந்துடனும் அப்படியே. இரு தரப்பும் சம நிலையில் நின்ற அரசுகள் என்பதால் அது முடிந்தது. நம் ஊரில் சாதியால் மேலும் கீழுமாக வாழ்ந்தவர்களுக்குள் யார் யாரை விருந்துக்கு அழைப்பது? அந்தப் பேச்சைத் தவிர்க்க வெளிநாட்டுத் துயரம் வசதியாக இருக்கிறது என்றே தோன்றுகிறது.

நாஞ்சில் நாட்டு வாசகர்:
தவிர்க்க முடியாது, ஐயா. இத்தகைய முகாமின் மாலைக் கலந்துரையாடலில் “உங்கள் ஊரில் என்ன நடந்தது?” என்று கட்டாயம் கேட்பார்கள். நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட பிரகடனத்தைத் தம்பி படித்துவிட்டுப் போகட்டும். நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று, கொடுத்த உரிமையிலேயே வரம்பு வைத்தது அது. 2016-இல் சிபிஎஸ்இ இந்தப் போராட்டம் பற்றிய பகுதியை ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. எனவே பள்ளியில் படித்திருப்பான் என்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று: பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தாரோ சமூகத்தினரோ வந்து பேசுவார்களா, முன்தயாரிப்பு வகுப்பு உண்டா என்று எழுதிக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் மழுப்பலாக வந்தால், அது சுற்றுலாதான், அனுப்ப வேண்டாம்.