ஒலிப்பதிவில் வெட்டக் கூடாததை வெட்டிய அனுபவம் உண்டா?

வணக்கம். எங்கள் வட்டாரக் கலைஞர்கள் ஏழு பேருடைய குரலைப் பதிந்து ஒரு சிறிய ஒலித்தொகுப்பாக்கும் வேலையில் நான்கு மாதமாக இருக்கிறேன். கவிதை வாசிப்பவர் உண்டு, தன் கதையைச் சொல்பவர் உண்டு, சொல்லே இல்லாமல் ஓசைகளை மட்டும் அடுக்குபவரும் உண்டு. நடந்த ஒன்றை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் கீழே சொல்லுங்கள்.

வந்தவர்களில் ஒருவர் மேடைக் கவிஞர். கடைசி வரிசைவரை எட்டும்படி வாசித்துப் பழகியவர். மைக் முன் உட்கார்ந்தும் அதே குரலைத்தான் எடுத்தார். ஹெட்போனில் கேட்டால் சுவருக்கு அப்பால் நிற்கும் யாரையோ கூப்பிடுவது போலிருந்தது. கவிதையோ, அம்மா போன பிறகு அவருடைய அலமாரியை முதன்முதலாகத் திறப்பது பற்றியது. மூன்று முறை எடுத்தோம். மூன்றும் ஒட்டவில்லை.

"இதை முதல்ல யாருக்குப் படிச்சுக் காட்டினீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"தங்கச்சிக்கு. போன்ல."

அப்படியானால் தங்கச்சிக்கே படியுங்கள் என்று மைக்கை ஒரு சாண் தூரத்துக்கு இழுத்துவைத்தேன். ஒரு திசையை மட்டும் பிடிக்கும் மைக்கை இவ்வளவு பக்கத்தில் வைத்தால் குரலின் அடிக்கனம் கூடும். மெல்லப் பேசினாலும் காதோரம் பேசுவது போல விழும். 'ப' வருகிற இடங்களில் மூச்சு வந்து மோதி வெடிக்கும் என்பதால் வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்தேன். நான்காவது முறை அவர் வாசிக்கத் தொடங்கியதும் குறிப்பெழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

பிறகு தவறு செய்தது நான்தான். எடிட் செய்யும்போது சுத்தமாக இருக்கட்டும் என்று மூச்சு இழுக்கும் சத்தங்களை எல்லாம் நீக்கினேன். நீண்ட நிறுத்தங்களைச் சுருக்கினேன். சில இடங்களில் ஒலியையே பூஜ்யமாக்கினேன். ஆறு நிமிடம் நாலே காலாயிற்று. கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை. "அலமாரியைத் திறக்குறதுக்கு முன்னாடி நான் நின்னேனே, அது எங்கப்பா போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒன்பது விநாடியைத் திரும்ப வைத்துக் கேட்டபோதுதான் எனக்கே கவிதை புரிந்தது. ஒலியைப் பூஜ்யமாக்கிய இடங்களிலும் போன் இணைப்பு அறுந்தது போன்ற உணர்வுதான் இருந்தது. ஆளில்லாத அறைக்கும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டல்லவா? இப்போதெல்லாம் யார் வந்தாலும் பேசத் தொடங்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் வாய்மூடி உட்கார்ந்து, அறையை மட்டும் பதிந்து வைத்துக்கொள்கிறோம். ஒட்டுப்போடும்போது அதுதான் கைகொடுக்கிறது.

* * *

நான் நாடகக்காரன். என் அப்பா நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். அவர் கதையை அவர் குரலிலேயே பதிய ஆசைப்பட்டுக் கேள்விகள் எழுதி எடுத்துப்போனேன். "ஆமா", "இல்ல", "அது கெடக்கட்டும்" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

மறுநாள் கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் தைத்துக்கொண்டிருக்கும்போதே போனைப் பக்கத்து மேஜையில் மடித்த துணிமேல் வைத்தேன் (வெறும் மேஜையில் வைத்தால் மிஷினின் அதிர்வு அப்படியே ஏறிவிடும்). மிதி ஓடும்போது பேசமாட்டார். ஊசி நின்று நூலைக் கடிக்கும் நேரத்தில் ஒரு வாக்கியம் வரும். மறுபடி மிதி. இப்படியே ஒன்றரை மணி நேரம். முதல் கூலி, நம்பிய கூட்டாளி கைவிட்டது, நான் பிறந்த இரவு எல்லாம் அந்த இடைவெளிகளில் வந்தவைதான். மிஷின் சத்தத்தைக் குறைத்துத் தரட்டுமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

என் அத்தையைப் பற்றியும் ஒன்று சொல்லியிருந்தார். முழுப் பதிவிலும் ஆகக் கனமான பகுதி அதுதான். போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "அவ இல்லாத எடத்துல அவளப் பத்திப் பேசிட்டேன். அத எடுத்துருப்பா" என்றார். எடுத்துவிட்டேன். அன்று நெஞ்சு கனத்தது, இன்று இல்லை. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 2003இல் ஒரு சிறு பதிவறையோடு தொடங்கிய 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்ற வாழ்க்கைக் கதைப் பதிவுத் திட்டம் பற்றி அறிந்திருப்பீர்கள். நெருங்கிய இருவர் 40 நிமிடம் பேசுவார்கள். அந்தப் பேச்சை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்பதைப் பேசியவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். போன் என்னுடையதுதான், வாழ்க்கை அப்பாவுடையது.

* * *

நான் கேட்பவள் மட்டும். பிறவியிலேயே பார்வை இல்லை. ஓவியம் என்றால் மற்றவர்கள் சொல்லும் விளக்கம் என்றே இருந்தது எனக்கு. ஓர் ஓவியர் தான் வரையும்போதே பேசிப் பதிந்த பத்து நிமிடத்தைத் தோழி அனுப்பினாள். தூரிகை கேன்வாஸில் உரசுகிறது, தண்ணீரில் அலசி விளிம்பில் தட்டுகிறார், பிறகு கத்தியால் வறவறவென்று சுரண்டுகிறார். "போன வாரம் போட்ட நீலம் பிடிக்கல, எடுக்குறேன்" என்கிறார். நீலம் எனக்குத் தெரியாது. பிடிக்காததைச் சுரண்டி எடுக்கும் கையின் வேகம் தெரிந்தது. அன்று ஓர் ஓவியம் உண்டாகும் இடத்தில் நான் இருந்தேன். அந்தச் சுரண்டலை யாரும் வெட்டிவிடாமல் இருந்தார்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

* * *

ஓசைகளை மட்டும் வைத்து வேலை செய்பவன் நான். "பேச்சே இல்லையே, இதில் என்ன கதை?" என்று கேட்பார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளை வைத்தே ஒரு படைப்பை உண்டாக்கியது 1948இல். இன்னும் அந்தக் கேள்வி ஓயவில்லை.

இடிக்கப்போகும் ஒரு குடியிருப்பின் மாடிப்படிகளில் ரெக்கார்டரோடு ஏறினேன். தளத்துக்குத் தளம் காலடி ஓசை மாறியது. சாமான்கள் காலியான வீடுகளில் கைதட்டினால் எதிரொலி நீண்டது, திரைச்சீலை இன்னும் தொங்கிய வீட்டில் சட்டென்று அடங்கியது. மூன்றாவது தளத்தில் கைப்பிடிக் கம்பி ஒன்று ஆடி 'டிங்' என்றது. அந்தப் பதிவைச் சிலருக்குப் போட்டுக் காட்டியபோது ஒரு பெரியம்மா அந்த 'டிங்' வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது எங்க வாசல் கம்பி. புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்தா அதத் தட்டிட்டுத்தான் வருவாங்க." முடிந்த பிறகும் சிறிது நேரம் கையை விடவில்லை.

முதல் பதிவை எழுதியவருக்கு ஒரு வார்த்தை: மூலப்பதிவைத் தொடாதீர்கள், எப்போதும் நகலில் வெட்டுங்கள். நான் ஒருமுறை மூலத்திலேயே வெட்டிச் சேமித்துவிட்டேன். இழந்தது மழை ஓய்கிற நாற்பது விநாடி. மறுபடி கிடைக்கவேயில்லை.

* * *

தொடங்கியவன்தான் மீண்டும். நல்லவேளையாக மூலம் இருந்தது, அதனால்தான் அக்காவின் ஒன்பது விநாடி பிழைத்தது. தையல் மிஷின் பகுதியைப் படித்ததிலிருந்து, அடுத்து பதிய இருக்கும் மண்பாண்டக் கலைஞரிடம் கேள்வி எதுவும் கொண்டுபோகாமல், சக்கரம் சுற்றும்போதே பதியலாம் என்று இருக்கிறேன்.

கவிஞர் இன்னொரு கவிதையோடு இந்த வாரம் வருகிறார். தங்கச்சியையும் கூட்டிவருகிறாராம், எதிர் நாற்காலியில் உட்காரவைக்க. அந்த நாற்காலி லேசாகக் கிறீச்சிடும். எண்ணெய் விடவா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.