வைட்டெக்கில் (கிருமியின் இனத்தை அடையாளம் காணும் இயந்திரம்) 'கேண்டிடா ஹீமுலோனி' என்ற ஈஸ்ட் வருகிறது, அப்படியே ரிப்போர்ட் கொடுக்கலாமா?

சின்ன_லேப்: ஐசியூவில் சென்ட்ரல் லைன் போட்டிருக்கும் நோயாளியின் பிளட் கல்ச்சரில் ஈஸ்ட் வளர்ந்திருக்கிறது. ஜெர்ம் டியூப் (சீரத்தில் ஈஸ்ட் குழல் நீட்டுகிறதா என்ற சோதனை) நெகட்டிவ். குரோம் அகாரில் (இனத்துக்கேற்பக் காலனியின் நிறம் மாறும் ஊடகம்) வெளிர் இளஞ்சிவப்பு, பார்த்தால் கேண்டிடா கிளாப்ரேட்டா மாதிரியும் இருக்கிறது. வைட்டெக் 2 ஹீமுலோனி என்கிறது, மென்பொருள் பழைய பதிப்பு. பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோலைத் தொடரலாமா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மால்டி (புரதங்களின் எடையை வைத்து இனத்தைச் சொல்லும் கருவி) வாங்க எங்களுக்கு வழியில்லை. ஏபிஐ 20சி ஸ்ட்ரிப் (எந்தச் சர்க்கரைகளில் வளர்கிறது என்று பார்த்து ஈஸ்டை அடையாளம் காணும் பட்டை) இருக்கிறது, போட்டுப் பார்க்கலாமா?

பூஞ்சைப்பிரியன்: வேண்டாம், அப்படியே கொடுக்காதீர்கள். 8.01-க்கு முந்தைய பதிப்புகளின் தரவுத்தளத்தில் கேண்டிடா ஆரிஸ் (மருத்துவமனைகளில் பரவும், மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத ஈஸ்ட்) கிடையாது, அதனால் இருப்பதிலேயே நெருக்கமான ஹீமுலோனியைச் சொல்லிவிடும். இன்றே ஒரு சாபரோ (பூஞ்சை வளர்க்கும் ஊடகம்) தட்டை 42 டிகிரியில் வையுங்கள். ஆரிஸ் அந்தச் சூட்டிலும் வளரும், ஹீமுலோனி பொதுவாக வளராது. கூடவே கார்ன்மீல் அகாரில் கோடு போட்டு கவர் ஸ்லிப் வைத்துப் பாருங்கள், ஆரிஸ் என்றால் பெரும்பாலும் இழையே இல்லாமல் வெறும் மொட்டுவிடும் செல்கள்தான் தெரியும். ஆனால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் டாக்டருக்கு இப்போதே போன் போட்டு ஆரிஸ் சந்தேகம் என்று சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஆரிஸில் பெரும்பாலானவை ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படாது, வழக்கமாக எக்கினோகேண்டின் என்ற வேறு வகைப் பூஞ்சை மருந்தில்தான் தொடங்குவார்கள்.

அகார்_தட்டு: ஏபிஐ போட்டால் குழப்பம்தான் கூடும். அதில் ஆரிஸை ரோடோடோருலா குளூட்டினிஸ் என்ற வேறொரு ஈஸ்டாகக் காட்டியிருக்கிறது. ரோடோடோருலா என்றால் காலனி பவழச் சிவப்பாக இருக்க வேண்டும், உங்கள் சாபரோ தட்டில் வெள்ளையாக இருந்தால் அந்த விடை தவறு என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அப்புறம் அது முடிய 2-3 நாள் ஆகும், இந்த நோயாளிக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா?

மதுரை_மைக்ரோ: மால்டி உள்ள பெரிய மருத்துவமனைக்கு ஸ்லான்ட்டில் (சாய்வாக அகார் உறைந்த குழாய்) வளர்த்து அனுப்புங்கள். காலனியைத் தடவி ஃபார்மிக் அமிலம் ஒரு துளி விட்டால் சில நிமிடத்தில் பெயர் வந்துவிடும். அங்கேயும் லைப்ரரி புதுப்பித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதில் ஆரிஸ் இல்லையென்றால் மால்டியாலும் சொல்ல முடியாது. சந்தேகம் நீடித்தால் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் படிக்கும் சீக்வென்சிங்தான், சண்டிகர் பிஜிஐ மருத்துவ நிறுவனத்தில் நோய்ப் பூஞ்சைகளுக்கென்றே தேசியச் சேகரிப்பு மையம் இருக்கிறது.

பழைய_பெஞ்ச்: எல்லோரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வைட்டெக்கோ மால்டியோ, இரண்டு இனம் கலந்த காலனியைக் கொடுத்தால் குப்பைதான் வரும். அந்தக் கலப்பைக் காட்டுவது குரோம் அகார்தான்: பச்சையாக ஆல்பிகன்ஸ், நடுவே நீலமாக டிராபிகாலிஸ், சிறுநீர் மாதிரிகளில் இது அடிக்கடி வரும். ஜெர்ம் டியூப்பையும் விட்டுவிடாதீர்கள், சீரத்தில் 37 டிகிரியில் 2-3 மணி நேரத்தில் விடை கிடைக்கிறது. 3 மணிக்கு மேல் வைத்தால் டிராபிகாலிஸும் குழல் மாதிரி நீட்டும், அதனால் நேரத்தைக் குறித்து வையுங்கள். டப்ளினியென்சிஸும் பாசிட்டிவ் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சின்ன_லேப்: மிக்க நன்றி. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், தட்டுகளை 37-இலும் 42-இலும் வைத்தாயிற்று. ஆரிஸ் பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் உடம்பில் எங்கே ஸ்வாப் எடுப்பது?

பூஞ்சைப்பிரியன்: இரண்டு அக்குளிலும் இரண்டு தொடை இடுக்கிலும் ஒரே ஸ்வாபால் எடுங்கள். நோயாளியைத் தனி அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். தரையையும் கட்டில் கம்பியையும் ஹைப்போகுளோரைட்டில் துடைக்க வேண்டும், குவாட்டர்னரி அமோனியம் மட்டும் உள்ள கிருமிநாசினியை நம்ப முடியாது.