டெர்ராஃபார்மை சாட்பாட் எழுதட்டும். அப்ளை கொடுப்பது யார்?

தெப்பக்குளத்தான்:
மாட்டுத்தாவணிப் பூ வியாபாரி ஒருவருக்கு ஆர்டர் எடுக்கும் செயலி செய்து கொடுத்திருக்கிறோம். நாங்கள் மூன்றே பேர், கிளவுடுக்கென்று தனி ஆள் கிடையாது. போன வாரம் சாட்பாட்டிடம் தேவையைத் தமிழிலேயே சொன்னேன். நெட்வொர்க், சர்வர், டேட்டாபேஸ் எல்லாவற்றுக்கும் டெர்ராஃபார்ம் ஃபைல் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிட்டது. என்னென்ன வேண்டும் என்று அதில் எழுதி 'அப்ளை' கொடுத்தால், டெர்ராஃபார்மே கிளவுடில் கட்டிவிடும். முன்பு இதற்கு எனக்கு நாலு நாள் ஆகும். இனி இதையெல்லாம் டிசைன் செய்யும் கிளவுட் ஆர்க்கிடெக்டுக்கு என்ன வேலை? மறுப்பவர்கள் வாருங்கள்.

வடபழஞ்சி வாசி:
வந்துவிட்டேன் அண்ணே. பல சர்வர்களில் செயலியை ஓட்டி மேய்க்கிற குபர்னெட்டிஸையும் போட்டுக் கொடுத்திருக்குமே?

தெப்பக்குளத்தான்:
ஆமாம். ஏன்?

வடபழஞ்சி வாசி:
அமேசான் கிளவுடில் அதன் மூளையான கன்ட்ரோல் பிளேனுக்கு மட்டும் மணிக்கு 0.10 டாலர். மாதம் 730 மணி என்றால் 73 டாலர். ஆடி மாதம் ஒரு முழம் பூ ஆர்டர் ஆகாவிட்டாலும் பில் வரும். உள்ளே இருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வழியான நாட் கேட்வேக்குத் தனி பில். 2024 பிப்ரவரியிலிருந்து இணையத்திலிருந்து எட்டக்கூடிய ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர். முகூர்த்த நாளில் எத்தனை ஆர்டர் வரும்?

தெப்பக்குளத்தான்:
மிஞ்சிப் போனால் 400.

வடபழஞ்சி வாசி:
ஒரு சின்ன சர்வர் போதும். ஒரு கூடை மல்லிகைக்கு லாரி பிடித்திருக்கிறீர்கள்.

தெப்பக்குளத்தான்:
பட்ஜெட்டைச் சொல்லாதது என் தப்பு. இப்போது சொன்னதும் அதுவே குபர்னெட்டிஸை எடுத்துவிட்டது. ஒரு ஆர்க்கிடெக்டிடம் டிசைனை மாற்றச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும்!

மேலூர் அக்கா:
தம்பி, பில்லை விடுங்கள், அது அடுத்த மாதம் குறையும். எனக்கு நடந்ததைக் கேளுங்கள். என் டேட்டாபேஸில் என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைப்பது) இல்லை, ஆன் செய் என்றது சாட்பாட். நியாயமான யோசனைதான். ஒரே வரி, 'ஃபால்ஸ்' இருந்த இடத்தில் 'ட்ரூ'. அப்ளைக்கு முன்னால் என்னென்ன மாறும் என்று காட்டும் பிளானை ஓட்டினேன். நீளமாக வந்த எழுத்துக்கு நடுவே ஓரிடத்தில் -/+ குறி, பக்கத்தில் 'ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மென்ட்'. இருக்கிற டேட்டாபேஸை அழித்துவிட்டு, காலியாக ஒன்றைக் கட்டுவேன் என்று அர்த்தம். அழிக்கும் முன் கடைசி ஸ்னாப்ஷாட், அதாவது நகல், வேண்டாம் என்ற வரியையும் முன்பே அதுதான் எழுதி வைத்திருந்தது. 'யெஸ்' தட்டியிருந்தால் இரண்டு வருட ஆர்டரும் போயிருக்கும். ஸ்னாப்ஷாட் எடுத்து, அதை என்கிரிப்ட் செய்து காப்பி எடுத்து, அதிலிருந்து ரீஸ்டோர் செய்வதுதான் வழி. கேட்டதும் அதையும் அதுவே அழகாகச் சொன்னது. கேட்கத் தெரிய வேண்டுமே!

தெப்பக்குளத்தான்:
அந்த பிளானை அதனிடமே படிக்கக் கொடுத்திருந்தால் பிடித்திருக்கும் அக்கா. இரவு 11 மணிக்கு மனுசன்தான் -/+ குறியைத் தவறவிடுவான்.

மேலூர் அக்கா:
கொடுக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். கட்டியதையெல்லாம் டெர்ராஃபார்ம் குறித்து வைக்கும் ஸ்டேட் ஃபைலை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், அதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் வெட்டவெளிச்சமாகக் கிடக்கும்.

வடபழஞ்சி வாசி:
அண்ணே, சர்வருக்குள் யார் வரலாம் என்று சொல்லும் செக்யூரிட்டி குரூப்பில், தூரத்திலிருந்து லாகின் ஆகும் வாசலான போர்ட் 22-க்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா?

தெப்பக்குளத்தான்:
0.0.0.0/0, அதாவது எங்கிருந்தும் வரலாம். டெஸ்டிங்குக்குத்தானே தம்பி.

வடபழஞ்சி வாசி:
அப்ளை கொடுத்தாயிற்றா?

தெப்பக்குளத்தான்:
வியாழக்கிழமையே.

மேலூர் அக்கா:
ஊரே வந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். விவாதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் போய் அதை மூடுங்கள்.