துளையைப் பார்த்துவிட்டுப் பூவைப் பாருங்கள்: ட்சுபா தேடியவர்களின் அனுபவங்கள்

டோக்கியோவிலிருந்து:

ஜப்பானிய வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே கையைக் காக்க ஒரு தகடு இருக்கும். அதுதான் ட்சுபா. உள்ளங்கையில் அடங்குகிற அளவு, பெரும்பாலும் ஏழெட்டு சென்டிமீட்டர். நான் வாள் பக்கம் போகவில்லை. விலை ஒரு காரணம். அதோடு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சீட்டு இருக்க வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும். தகட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது, மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளலாம். வீட்டிலும் யாரும் பயப்பட மாட்டார்கள்.

யூராகுச்சோவில், டோக்கியோ இன்டர்நேஷனல் ஃபோரம் கட்டடத்தின் முற்றத்தில் மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஒரு கடையில் இரும்பு ட்சுபா ஒன்றைக் கையில் எடுத்தேன். பைன் மரத்தடியில் போர்வீரர்கள், குதிரை, ஆங்காங்கே தங்கப் பொட்டு. பக்கத்தில் ஹிகோனே ஊர் சோதென் என்று செய்தவர் கையெழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், கடைக்காரர் இல்லை, அவரும் வாங்க வந்தவர்தான், "கொடுங்கள்" என்று வாங்கினார். வீரர்களை அவர் பார்க்கவே இல்லை. குதிரைக் கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் விரல் நகத்தை விட்டு மேலும் கீழும் ஓட்டினார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நடுவில் மெல்லிய மேடு ஒன்று தட்டுப்பட்டது. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். அதாவது வார்ப்பு. அடித்து, அறுத்து, அரம் போட்டுச் செய்த தகட்டில் அந்த மேட்டுக்கு வேலையே இல்லை, அரத்தின் கோடுதான் இருக்கும்.

சோதென் கையெழுத்தைப் பற்றியும் அவரே சொன்னார். அந்தப் பாணிக்கு எடோ காலத்திலேயே (1603–1868) நல்ல கிராக்கி. வேறு ஊர்ப் பட்டறைகளும் அதே மாதிரி செய்து அதே பெயரைப் பொறித்தன. நொபுயியே, கானேயியே என்ற புகழ்பெற்ற பழைய ட்சுபா கலைஞர்களின் பெயர்கள் இன்னும் மோசம். பெயரைப் பார்த்ததும் சந்தோஷப்படுவதைவிடச் சந்தேகப்படுவதே மேல் என்றார். கையெழுத்தே இல்லாத நல்ல தகடுகள் ஏராளம். பழைய இரும்பு வேலையில் அதுதான் வழக்கமே.

அதற்கப்புறம் நானும் அவர் பார்த்த வரிசையில்தான் பார்க்கிறேன். முதலில் நடுத்துளை. வாளின் வால்பகுதி நுழைகிற முக்கோணம் போன்ற துளை அது. ஒரு ட்சுபா ஒரே வாளில் ஆயுள் முழுக்க இருந்துவிடாது. சொந்தக்காரர் மாறுவார், வாள் மாறும், நாகரிகம் மாறும். ஒவ்வொரு தடவையும் துளையைப் புது வாளுக்கு ஏற்ப இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். அதனால் மேலும் கீழும் செம்புத் துண்டு அடைத்திருப்பார்கள். அல்லது விளிம்பில் உளியால் தட்டி இரும்பை உள்ளே தள்ளியிருப்பார்கள். துளையைச் சுற்றியுள்ள நீள்வட்டத்தில் வாஷர் மாதிரியான செப்பா உட்கார்ந்திருந்த நிழல் தெரியும், அங்கே நிறம் வேறாக இருக்கும். பக்கத்துத் துளைகளையும் பாருங்கள். கைப்பிடிப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடப்பக்கம் அரைநிலா வடிவம், அது சிறு கத்தியான கோசுகாவுக்கு. வலப்பக்கம் வளைவு வளைவாக இருப்பது கோகாய் என்ற கூந்தல் ஊசிக்கு. மலிவான நகல்களில் இந்த இரண்டும் இடம் மாறியோ, எதுவுமே நுழைய முடியாத அளவிலோ இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விரலில் தொங்கவிட்டுத் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும், இல்லையென்றால் போலி என்று ஒரு சோதனை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தடிமன், வெட்டு, பதிப்பு வேலை எல்லாமே ஒலியை மாற்றும். கடைக்காரர் முன்னால் தட்டிப் பார்த்தால் அவர் முகம் மாறுவது மட்டும் நிச்சயம்.

ஷிம்பாஷி அருகே டோக்கியோ பிஜுட்சு கிளப்பில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் பெரிய வாள் சந்தை நடக்கும். அங்கே ஒரு வியாபாரி விலைச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு தகடுகளை என் முன்னால் நகர்த்தினார். இரண்டும் கையெழுத்து இல்லாத வெட்டுவேலை இரும்பு. "ஜன்னல் பக்கம் போய் விளிம்பைப் பாருங்கள்" என்றார். ஒன்றின் விளிம்பில் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தன. கடினமான இரும்புப் பகுதிகள் தேயாமல் எழும்பி நிற்பதுதான் அது, தெக்கோட்சு என்பார்கள். ஓவாரி, கனயாமா பாணித் தகடுகளில் இதைத் தேடிப் பார்ப்பார்கள். மற்றதன் விளிம்பு வழுவழுவென்று இருந்தது. அதற்காக அது மட்டம் என்று அர்த்தமில்லை, கியோத்தோ பாணி அப்படித்தான் என்றார். எது விலை கூட என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, இரண்டுமே என் பைக்கு எட்டாது என்று தெரிந்துபோயிற்று.

•

இங்கிலாந்திலிருந்து:

துளையில் தடயம் இல்லாவிட்டால் போலி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணியத் தடை போட்டது. வாளையே நம்பியிருந்த உலோகக் கலைஞர்கள் பூச்சாடி, பெட்டி, ஏற்றுமதிச் சாமான் என்று மாறினார்கள். கானோ நட்சுவோ போன்ற ஒருவருக்கு அதற்கு முன்பே புதிய நாணயங்களின் வடிவமைப்பு வேலை கிடைத்திருந்தது, எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. யோகோஹாமா வழியாக வெளிநாட்டாருக்கென்றே செய்த ட்சுபாக்களும் உண்டு. ஹமாமோனோ என்று சொல்வார்கள். பளபளப்பு கொஞ்சம் தூக்கல், துளை புத்தம் புதிதாக இருக்கும், வாளைக் கண்டிருக்கவே மாட்டா. ஜப்பானிய வேலைதான், பழையதும்தான். போர்வீரன் இடுப்பில் இருந்தது என்று சொல்லி விற்றால்தான் பொய்.

இங்கே ஏலக் கூடங்களில் நான் அதிகம் பார்ப்பது வேறு வகை. போன வருஷம் பழம் வெட்டும் கத்திகள் ஒரு பெட்டி வந்தது. அலகு ஐரோப்பிய வேலை, கைப்பிடிகள் எல்லாம் கோசுகாவின் பிடிகள்! விக்டோரியா காலத்தில் அப்படி ஒரு மோகம். கைப்பிடியை அலங்கரிக்கும் மெனுகி ஜோடிகளும் புடவைப் பின் மாதிரியான புரூச்சுகளாக மாறியிருக்கின்றன. பெட்டியில் இருந்த பிடிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின்னணி முழுக்க நானாகோ, அதாவது கடுகைவிடச் சிறிய உருண்டைகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குழிமுனை ஆணியால் அடித்தது. நல்ல வேலையில் வரிசை பிசகாது, ஒவ்வொரு உருண்டையும் தனியாக நிற்கும். அச்சில் வார்த்ததில் உருண்டைகள் ஒன்றோடொன்று கலந்து மழுங்கிக் கிடக்கும். பெட்டியில் இரண்டு வகையும் கலந்திருந்தன.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், விற்பனைக்கு முன்னால் யாரோ அவற்றைப் பித்தளைப் பாலீஷ் போட்டுத் துலக்கியிருந்தார்கள். ஷகுடோ என்பது செம்பில் சுமார் மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் தங்கம் கலந்த உலோகம். வார்த்தவுடன் பார்த்தால் சாதாரணச் செம்புதான். முள்ளங்கித் துருவலில் முக்கி, ரொகுஷோ என்ற செம்புப் பச்சை கலந்த நீரில் கொதிக்க வைத்த பிறகுதான் அந்த நீலம் ஓடுகிற கறுப்பு வரும். அந்தக் கறுப்பு மேல்தோல் மட்டுமே. துலக்கியவர் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தது அதைத்தான். மேடான இடமெல்லாம் செம்பு சிவப்பு. நான் ஏலம் கேட்கவில்லை. கெடாத ஷகுடோ எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் சர்ச் என்பவரின் ட்சுபா சேகரிப்பு இருக்கிறது. கண் பழகிவிட்டால் சாயம் பூசிய கறுப்பு தானாகவே உறுத்தும்.

•

குமமோட்டோவிலிருந்து:

இரண்டு பேருக்கும் நன்றி. இது ஹோசோகாவா பிரபு குடும்பத்தின் ஊர், அந்தக் குடும்பத்துச் சான்சாய் பிரபு தேநீர்ச் சடங்கில் ஊறியவர். அதனால் ஹிகோ (இந்தப் பகுதியின் பழைய பெயர்) ட்சுபாக்களில் படம் குறைவு, வெறும் இரும்புக்கும் வடிவத்துக்கும்தான் மதிப்பு. புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி கடைசிக் காலத்தில் இங்கேதான் இருந்தார், 1645இல் இறந்தார். அவர் வடிவமைத்ததாகச் சொல்லப்படும் கடல் அட்டை வடிவம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள்துளைகள், இன்று பயிற்சி வாள்களுக்கு வார்ப்பிலேயே எங்கும் கிடைக்கிறது. அந்த வடிவத்தில் ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. மேலே சொன்னபடி பார்த்துவிட்டேன்: துளையில் செம்பு இருக்கிறது, உளித் தடம் இருக்கிறது, மேடு இல்லை. ஆனால் ஒரு ஓரத்தில் சிவப்புத் துரு. எண்ணெய் போடலாமா? கூட ஒரு பழைய சான்றிதழும் இருக்கிறது.

•

டோக்கியோவிலிருந்து:

கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு நீக்கும் திரவம் எதுவும் வேண்டாம். பழகிய தோசைக்கல்லைச் சபீனா போட்டுத் தேய்த்தால் என்ன ஆகுமோ அதேதான் ஆகும். மான் கொம்புத் துண்டு ஒன்றைக் கூராக்கி, சிவப்பு இருக்கும் இடத்தில் மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள். கொம்பு துருவைப் பெயர்க்கும், ஆனால் அடியில் உள்ள கறுப்பைவிட மென்மை. எண்ணெய் போட்டுக் கறுப்பாகக் காட்டுவது விற்கிறவர் வேலை, நமக்கு வேண்டாம். பருத்தித் துணியால் தினமும் சும்மா துடைத்தால் போதும். மாதக்கணக்கில் ஆகும், பரவாயில்லை.

சான்றிதழில் முதலில் ஆண்டைப் பாருங்கள். இந்தச் சான்றிதழ்களைத் தரும் வாள் பாதுகாப்புச் சங்கம் 1982இல் முறையை மாற்றியது. அதற்கு முந்திய தாள்களில் சிலவற்றை இன்று வியாபாரிகளே கணக்கில் எடுப்பதில்லை. உங்களுடையது பழைய தாள் என்றால், ரியோகோகுவில் இருக்கும் சங்கத்துக்கு மறுபடி அனுப்பிப் பாருங்கள். முசாஷி பெயரில் திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், ஹிகோ என்று வந்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கும். துரு போன பிறகு அனுப்புங்கள், முன்னால் வேண்டாம்.