ராஸ் தீவு போனவங்க இருக்கீங்களா? நான் பார்த்தத சொல்றேன்

அந்தமான்ல போர்ட் பிளேர் போற நம்மாளுங்க நிறைய பேரு செல்லுலார் ஜெயில பார்த்துட்டு நேரா ஹேவ்லாக் தீவுக்குக் கிளம்பிடுறாங்க, தயவு செஞ்சு ராஸ் தீவுக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்க. அபர்தீன் ஜெட்டிக்கு எதிர்லயே இருக்கு, போட்ல கொஞ்ச நேரம்தான். 2018ல நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவுன்னு பேர மாத்திட்டாங்க.

மேல ஏறினா சர்ச், பேக்கரி, சீஃப் கமிஷனர் பங்களா எல்லாமே கூரை போயி சுவரு மட்டும் நிக்குது, அதையும் ஆல், அத்தி மாதிரி மரத்தோட வேரு கவ்விப் புடிச்சிருக்கு, சில இடத்துல செங்கல் உதிர்ந்துபோயி வேருதான் சுவரா நிக்குது. எல்லாரும் அங்க நின்னு போட்டோ எடுக்குறாங்க, எனக்கு அதக் கட்டினவங்க நெனப்புதான். 1857 கிளர்ச்சியில புடிபட்டவங்கள 1858 மார்ச்ல கப்பல்ல கொண்டாந்து அந்தமான்ல இறக்கினாங்க, முதல்ல வந்தது சுமார் 200 பேரு. செல்லுலார் ஜெயில் கட்டி முடிஞ்சதே 1906லதான், அதுக்கு முன்னாடி பெரும்பாலும் காடும் கடலும்தான் ஜெயில். ராஸ்ல காட்ட வெட்டி, பாரம் சுமந்து, வெள்ளைக்காரங்க டான்ஸ் ஆட ஹால் வரைக்கும் எழும்பினது அந்தக் கைதிங்க உழைப்புல. வெள்ளைக்காரங்களுக்கு அங்க கல்லறைத் தோட்டம் இருக்கு, கைதிங்க பேரு போட்டு ஒரு கல்லு கூட என் கண்ணுல படல, ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

1941 ஜூன் 26 நிலநடுக்கத்துல தீவு அடி வாங்குச்சு, அடுத்த வருஷம் ஜப்பான் படை வந்துடுச்சு. அவங்க கட்டின பங்கரும் இருக்கு. மான் பக்கத்துலயே வரும், குழந்தைங்களுக்குப் புடிக்கும்.

*

நீங்க சொன்ன கைதிங்க கதை தெரியணும்னா வைப்பர் தீவுக்கும் போங்க சார். செல்லுலாருக்கு முன்னாடி அங்கதான் சங்கிலி போட்டு அடைச்சு வெச்சாங்க, மேட்டு மேல செவப்பு செங்கல்ல தூக்குமேடை கட்டடம் இன்னும் இருக்கு. 1872 பிப்ரவரி 8 அன்னிக்கு வைஸ்ராய் மேயோவ ஹோப் டவுன் ஜெட்டியில கத்தியால குத்திக் கொன்ன ஷேர் அலியும் ஒரு கைதிதான், அடுத்த மாசமே அவர வைப்பர் தீவுலதான் தூக்குல போட்டாங்க. போட் எல்லா நாளும் போகுதான்னு ஜெட்டியில முன்னாடியே கேட்டுக்கோங்க.