மறுமொழி: 'இன்னொவேஷன் தியேட்டர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'இன்னொவேஷன் தியேட்டர்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டேன், மூன்று நாளில் பதினொன்று வந்துவிட்டது. நன்றி. பின்னணியைச் சொல்லாமல் கேட்டது என் பிழை. பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் மேலாளர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தொழில்முனைவு பற்றி எழுதும் அமெரிக்கர் ஸ்டீவ் பிளாங்க் 2019-இல் இந்த 'இன்னொவேஷன் தியேட்டர்' பற்றி எழுதிய கருத்துகள் அதில் வருகின்றன. ஹேக்கத்தான் (ஓரிரு நாளில் கூடிப் புது யோசனைகளைச் செய்து பார்க்கும் போட்டி) நடத்துவார்கள், டிசைன் திங்கிங் (பயன்படுத்துபவரின் தேவையிலிருந்து தீர்வு தேடும் முறை) வகுப்பு வைப்பார்கள். கொள்முதல், கணக்கு, மனிதவளம் மூன்றும் பழைய விதிப்படியே ஓடும். கடைசியில் ஒன்றும் மாறியிருக்காது. அதற்குத்தான் இந்தப் பெயர்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் இதைக் கண்டிருக்கிறேன். பயிலரங்கு முடிந்தபோது சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு. டிரில்லிங் மெஷின் ஓட்டும் ஒருவர் எழுதியிருந்தார்: "ஸ்பேனர் எடுக்க ஒவ்வொரு தடவையும் ஸ்டோருக்குப் போகிறேன். மெஷின் பக்கத்திலேயே ஒரு பலகை அடித்துக் கொடுங்கள்." அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து ஆண்டு மலரில் போட்டார்கள். பலகை வரவில்லை.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> 'புத்தாக்கக் கூத்து' என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் விடிய விடிய ஆடுகிறவரின் கலைப்பெயரை இந்த வெற்று வேலைக்கு வைக்க மனம் வரவில்லை. 'என்ன கூத்து இது' என்று பேச்சில் சொல்வது வேறு, கையேட்டில் அச்சடிப்பது வேறு.

> 'புத்தாக்கப் பாவனை'?

இதைப் பார்த்து யாழ்ப்பாணத்து நண்பர் சிரித்திருப்பார். அங்கே பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் நுகர்வோர். நாம் போலி என்று எழுதுவதை அவர்கள் பயன்பாடு என்று படிப்பார்கள். நமக்கு மேலாண்மை, அவர்களுக்கு முகாமைத்துவம் என்று ஏற்கெனவே பாதை பிரிந்து கிடக்கிறது. இன்னொரு குழப்பம் வேண்டாம்.

'கண்துடைப்பு' நெருங்கி வருகிறது. ஆனால் அதில் பிறரை ஏமாற்றும் நோக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீட்டு ஒட்டியவர்கள் மனதார நம்பித்தான் ஒட்டினார்கள். ஏன், அந்த முதலாளியும் நம்பினார்.

என் பரிந்துரை 'ஒப்பனைப் புத்தாக்கம்'. மேடை வாசனையும் இருக்கிறது, மேற்பூச்சு என்ற பொருளும் இருக்கிறது, குற்றம் சாட்டும் தொனி குறைவு. 'இது ஒப்பனை வேலை' என்று ஷாப் ஃப்ளோரிலும் சொல்லலாம்.

அடுத்ததுதான் எனக்கு முக்கியம். இதற்கு எதிர்ச்சொல்லாகப் பலரும் 'செயலாக்கம்' என்றீர்கள். அது போதாது.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) நிறுவனத்துக்கு ஒரு கார் ஆலை இருந்தது. தொழிலாளர் தகராறு ஓயாத அந்த ஆலையை 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் அதே இடத்தில் திறந்தார்கள். தொழிலாளர்கள் பெரும்பாலும் பழையவர்கள், தொழிற்சங்கமும் பழையதே. புதிதாக வந்தவற்றுள் ஒன்று, வண்டிகள் நகர நகரப் பாகங்களைப் பொருத்தும் லைன் ஓரமாக ஓடும் ஒரு கயிறு. போல்ட் சரியாக ஏறவில்லையா, யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத்தலைவர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைக் கடப்பதற்குள் கோளாறு தீரவில்லை என்றால் லைனே நிற்கும். முன்பு லைனை நிறுத்துவதுதான் அங்கே மன்னிக்க முடியாத குற்றம்.

பிறகு ஜி.எம். அதே கலிஃபோர்னியாவில் இருந்த தன் வேன் நைஸ் ஆலைக்கும் இந்த முறையைக் கொண்டுபோனது. கயிறு கட்டினார்கள். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வெளியே போயிற்று என்பதை வைத்தே மேலாளரை அளந்தார்கள். அப்புறம் யார் கயிற்றை இழுக்க விடுவார்கள்? 1992-இல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள். கயிறு கட்டியதோடு செயலாக்கம் முடிந்துவிட்டது, பாருங்கள். அங்கே நடக்காமல் போனதற்கு, அதாவது புது முறை அன்றாட வழக்கமாக ஊன்றுவதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

> 'நிலைசேர்த்தல்' எப்படி? தேர் நிலைக்கு வருவதுபோல.

அழகான சொல். ஆனால் நிலைக்கு வந்த தேர் அடுத்த திருவிழா வரை அசையாதே, ஐயா! இருந்தாலும் உங்கள் மடலிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டேன். பைலட் என்பதற்கு 'வெள்ளோட்டம்'. இன்னொன்று, நடுமட்ட மேலாளர்களை நான் 'முட்டுக்கட்டைகள்' என்று மொழிபெயர்த்திருந்தது பற்றிய உங்கள் குட்டு. வீதி முனையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க ஆள் இல்லாவிட்டால் தேர் திரும்பாது, எதிர்வீட்டுத் திண்ணையில்தான் ஏறும் என்றீர்கள். மேலே இருப்பவர்கள் வடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கட்டை போடுகிறவரைத் திட்டக் கூடாது என்பதே கையேட்டில் அந்த மேலாளர்களைப் பற்றிய அத்தியாயத்தின் சாரமும். அந்தப் பத்தியை மாற்றி எழுதிவிட்டேன்.

நான் முன்வைப்பது 'வேர்பிடிப்பு'. நட்ட நாற்று வேர் பிடித்ததா என்று கேட்கிறோமே, அதே பொருள். நட்டவுடன் வயல் பச்சையாகத்தான் தெரியும், பிடித்ததா என்பது சில நாள் கழித்தே தெரியும். கையேட்டின் கேள்விகளும் இதில் பொருந்துகின்றன. தொடங்கி வைத்தவர் மாற்றலாகிப் போன பிறகும் நடக்கிறதா? சம்பள உயர்வுப் படிவத்தில் இதற்கு ஒரு வரி உண்டா? ஐந்நூறு ரூபாய்ப் பலகைக்கு எத்தனை கையெழுத்து? 'எங்கள் வெள்ளோட்டம் நன்றாக நடந்தது, வேர்பிடிப்பு இல்லை' என்று ஒரு மேலாளர் இயல்பாகச் சொல்ல முடிகிறது. 'நிறுவனமயமாக்கல்' என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

ஒரே ஒரு ஐயம், இலக்கணம் அறிந்தவர்கள் தீர்க்க வேண்டும். வேரைப் பிடித்தல் என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டு வலி மிகாமல் எழுதியிருக்கிறேன். 'வேர்ப்பிடிப்பு' என்று மிகுத்து எழுத வேண்டும் என்கிறார் மெய்ப்புப் பார்ப்பவர். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
கோவையிலிருந்து