சொந்தபந்தம் குரூப்: திஞ்ஜான் (பர்மா புத்தாண்டு) லீவுக்கு என்ன புத்தகம்?

செல்வி அக்கா: எல்லாருக்கும் வணக்கம். நம்ம பெரியவன் ஜியாகிரபி புக்கைத் தொடவே மாட்டேங்கிறான், மலை பேரு ஆத்து பேரு நீளம் உயரம்னு மனப்பாடம் பண்ணி பரீட்சையில கொட்டிட்டு வந்துர்றான், மறுநாள் கேட்டா முழிக்கிறான். திஞ்ஜான் லீவு வருது, படிக்க ஏதாவது சொல்லுங்க. பர்மீஸ் நல்லா படிப்பான், இங்கிலீஷ் பரவால்ல, தமிழ் எழுத்துக்கூட்டித்தான்

குமார்: அட்லஸ் ஒண்ணு வாங்கிக் குடுங்கக்கா

செல்வி அக்கா: வாங்கினேன்டா. டிவி ஸ்டாண்டு ஆடாம இருக்க அடியில வச்சிருக்கான்

மோல்மீன் மாமா: வெறும் அட்லஸை எந்தப் பையன் படிப்பான் செல்வி. யாராவது எங்கயாவது போற கதையைக் குடு, அட்லஸைப் பக்கத்துல விரிச்சு வை. வெ. சாமிநாத சர்மாவோட பர்மா வழிநடைப் பயணம் இருக்கே, அதைக் குடு. ரங்கூன்ல ஜோதி பத்திரிகை நடத்தினவரு. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டான், அடுத்த வருசம் இங்கேருந்து இந்தியாவுக்குப் போய்ச் சேந்ததை எழுதியிருக்காரு

குமார்: மாமா அது பெரியவங்க படிக்கிறது. ஏழாவது படிக்கிற பையன் அழுதுருவான் 😂

மோல்மீன் மாமா: முழுசா படிக்கச் சொன்னேனா? ராத்திரி ரெண்டு பக்கம் நீங்க வாசிங்க, அவன் விரல் மேப்புல போகட்டும். மண்டலே, கலேவா, டாமு, அப்புறம் மணிப்பூர்னு அப்ப நம்ம ஜனம் கும்பல் கும்பலா போன வழி எல்லாம் மேப்புல இருக்கு. ஏன் இப்படிச் சுத்திப் போனாங்கன்னு அவனையே கேளுங்க. மேற்கால நேராப் போனா மலை, வடக்கு தெக்கா மதில் மாதிரி நிக்குது. அங்கங்க கணவாய்தான். சின்ட்வின்ங்கிற ஆத்துப் பக்கம் கலேவா, அதுக்கு மேல காபோ பள்ளத்தாக்கு, அப்புறம் மலை ஏறணும். மே நடுவுல மழை பிடிச்சுக்கிட்டா பாதையெல்லாம் சேறு, மலேரியா வேற, அதுக்கு முன்னால மலையைத் தாண்டணும்னு ஓடினாங்க. பிந்திக் கிளம்பினவங்கள்ல வழியிலேயே செத்துப் போனவங்க எத்தனையோ பேரு. ஆறு, மலை, பருவமழை மூணும் ஒரே வழியில கிடைக்குது பாரு

சயாமா அத்தை: மாமா சொல்றது சரி. டாமுவுக்கு அந்தப் பக்கம், மணிப்பூர் எல்லை ஊரான மோரேயில இன்னிக்கும் தமிழாளுங்க இருக்காங்க, கோயிலும் இருக்கு. 60கள்ல இங்கேருந்து கப்பல்ல போனவங்கள்ல சில பேரு தரைவழியா திரும்பி வரப் பாத்து, விடலைன்னு எல்லையிலேயே தங்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை வகுப்புல சொன்னா பசங்க கப்சிப்னு கேக்குதுங்க

மாலா: சாரி, விபிஎன் நின்னு போச்சு இப்பத்தான் எல்லாம் படிச்சேன். சண்டை கதை எதுக்கு லீவுல? ஜூல்ஸ் வெர்ன் எழுதின எண்பது நாள்ல உலகத்தைச் சுத்துற கதை குடுங்கக்கா, 1873ல வந்தது, இங்கிலீஷ்ல நெட்லயே ஃப்ரீ. அதுல கல்கத்தாவுலேருந்து ஹாங்காங் போற கப்பல் பேரு என்ன தெரியுமா? ரங்கூன்!! அங்கேருந்து ஜப்பான் போற கப்பல் கர்நாடிக். என் பொண்ணு நம்ம ஊரு பேரைப் பாத்துட்டுத்தான் கீழ வைக்காம படிச்சா

மோல்மீன் மாமா: ஆமா ஆமா, கடைசியில பந்தயத்துல தோத்துட்டோம்னு கதாநாயகன் நெனச்சுட்டு உக்காந்திருப்பான், கிழக்கால போயிட்டே இருந்ததால ஒரு நாள் மிச்சமாயிருக்கும்

மாலா: மாமாஆஆ 🤦🏽‍♀️ முடிவை ஏன் சொன்னீங்க

செல்வி அக்கா: அவன் போனைப் பிடுங்கி படிச்சிட்டான். எப்படி ஒரு நாள் மிச்சமாகும்னு கேக்குறான், நான் என்ன சொல்ல

சயாமா அத்தை: சென்னை சித்தப்பாவுக்கு போன் போட்டா அங்க மணி ஒம்போது, இங்க பத்து. அது ஏன்னு அவனைக் கேளு முதல்ல. பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுத்துது, அதனால கிழக்கால 15 டிகிரி போகப் போக மணி ஒண்ணு முன்னாடி போகும், முழுசாச் சுத்தினா ஒரு நாள். நம்ம மணி கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னாடி, பெருக்கினா 97.5 டிகிரி. அந்தத் தீர்க்கரேகை எந்த ஊருக்குக் கிட்ட போவுதுன்னு அட்லஸ்ல தேடச் சொல்லு, ஸ்டாண்டுக்கு வேற ஏதாவது முட்டுக் குடுத்துக்கலாம்

குமார்: எந்த ஊரு அத்தை

சயாமா அத்தை: நீயும் தேடு

மோல்மீன் மாமா: நம்ம மோல்மீன்தான் 😎

சயாமா அத்தை: உங்க கிட்ட ஒரு கேள்வி விட்டு வைக்க முடியலையே!

குமார்: பூகம்பம் பத்தி ஏதாவது இருக்கா? போன வருசம் மார்ச் 28 ஆட்டத்துக்கு அப்புறம் என் சின்னவன் லாரி போனாக்கூட எந்திரிச்சு ஓடுறான்

சயாமா அத்தை: 2025ஆ. 7.7 ஆச்சே. அமெரிக்க நிலவியல் துறை திஸ் டைனமிக் எர்த்னு நெட்ல சும்மாவே போட்டிருக்கு, படம் நிறைய. சின்னவனுக்கு ரொம்பப் பெருசு, நீ படிச்சு எடுத்துச் சொல்லு. அதை வச்சு சகாய்ங் பிளவை, அதான் பூமிப் பாறையில இருக்கிற நீள விரிசலை, மேப்புல காட்டு. சகாய்ங், நேப்பிடோ, பெகு பக்கமா தெக்கு வடக்கா ஓடுது, ரெண்டு பக்க நிலமும் பக்கவாட்டுல ஒண்ணை ஒண்ணு உரசுது. ஏன் ஆடுதுன்னு தெரிஞ்சா பயம் முழுசா போவாது, ஆனா கேள்வி கேப்பான், அது போதும்

மாலா: ஏ.கே. செட்டியாரோட உலகம் சுற்றும் தமிழன் கூட. அவரும் ரங்கூன்ல தனவணிகன் பத்திரிகையில இருந்தவரு. தமிழ் லேசா இருக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனுக்கு சரிப்படும்

செல்வி அக்கா: சரி கப்பல் கதையிலேருந்து ஆரம்பிக்கிறானாம், முடிவு தெரிஞ்சாலும் பரவால்லையாம். சர்மா புத்தகத்துக்கு எங்க போறது?

மோல்மீன் மாமா: பிடிஎஃப் அனுப்புறேன். சுவத்துல மாட்டுற பெரிய மேப் வேணும்னா பன்சோடான் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில பாரு, பேரம் பேசு

குமார்: ஞாயித்துக்கிழமை நான் போறேன் அக்கா, உங்களுக்கும் சேத்துப் பாக்குறேன்

செல்வி அக்கா: மாமா ஃபைல் வந்துருச்சு, இறங்க மாட்டேங்குது. கரண்ட் வரட்டும்